கேப்பை முளைத்த தண்டவாளம்

"நம்ம ஸ்டேஷன்ல ஏம்மா ஆளே இல்ல?"

என் மகள் முதல்முறை இதைக் கேட்டபோது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்துபோனேன். பால் பொங்கவில்லை. அதற்குப் பிறகும் பலமுறை கேட்டுவிட்டாள். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். அவள் பிறக்கும்வரை ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தேன். குழந்தையின் கேள்விக்கு அதன் வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லவேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஐந்து வயதுக்கு ஏற்றபடி இதற்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவள் கேட்ட ஸ்டேஷன் எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் எங்கள் வீடு. முன்னறையில் பழைய இரும்புக் கட்டில்மேல் ப்ளைவுட் பலகை போட்டு, அதில் என் பிறந்த ஊரான திண்டிவனத்தின் ஸ்டேஷனைச் சின்னதாகக் கட்டியிருக்கிறோம். நடைமேடை, மேம்பாலம், மஞ்சள் பெயர்ப்பலகை, ஐஸ் குச்சியில் செய்த பெஞ்சுகள் எல்லாம் உண்டு. ஒரு குட்டி வண்டி மின்சாரத்தில் சுற்றிவந்து நடைமேடையில் நிற்கும். ஏற ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும்.

இதைக் கட்டுகிறவர் என் கணவர். அவர் ரயில் டிரைவர்; பாசஞ்சர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை மயிலம் ஸ்டேஷனுக்கும் பேரணி ஸ்டேஷனுக்கும் இடையில், மாட்டுக்குப் புல் அறுத்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்த ஓர் அம்மா அவர் வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். டிரைவர்மேல் தவறில்லை என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். கூட வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்து, இது யாருக்கும் நடக்காமல் இருக்காது என்றார்கள். 'ரன் ஓவர்' என்று அதற்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. நேற்று மழை வந்தது என்று சொல்வதுபோல அதைச் சொல்கிறார்கள்.

கொஞ்சநாள் லீவுக்குப் பிறகு இவரும் வேலைக்குப் போனார். சாப்பிட்டார், தூங்கினார், மகளை உப்புமூட்டை தூக்கினார். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் அதே இடத்தில், யாருமே இல்லாத தண்டவாளத்தில், எமர்ஜென்சி பிரேக் போட்டு வண்டியை நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருந்த உதவி டிரைவர் என்ன ஆச்சு சார் என்று கேட்டிருக்கிறார்.  அன்றிலிருந்து ஆபீசில் லைட் டூட்டி. டாக்டர்கள் மறுபடி பார்த்துத் தகுதி என்றால்தான் எஞ்சின் ஏறலாம். இல்லையென்றால் நிரந்தரமாக மேசை வேலை. குவார்ட்டர்ஸில் அதை 'டீகேட்' ஆவது என்பார்கள்.

கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள், அவசரம் இல்லாத வேலையாக இருக்கட்டும் என்று சொன்னது அவரைப் பார்க்கிற மனநல டாக்டர்தான். சிறுவயதில் என் கணவருக்குப் பொம்மை ரயில்மேல் ஆசை, ஆனால் வாங்கித் தர ஆளில்லை. நான்தான் பேச்சை எடுத்தேன். அவர் உம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து ஆன்லைனில் ஒரு எஞ்சினும் கொஞ்சம் தண்டவாளமும் வந்து இறங்கின.

ஏன் திண்டிவனம் என்று கேட்டேன்.

"அத்தினி தபா வண்டிய நிறுத்திகிறேன். ஒரு தபாகூட இறங்கிப் பாத்தது இல்ல. எஞ்சின்லேந்து பாத்தா முன்னாடி இருக்கறதுதான் தெரியும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் அளவெடுக்கப் போனோம். பஸ்ஸில்தான். அந்தப் பிரேக் போட்ட நாளிலிருந்து இவர் பயணியாகக்கூட ரயில் ஏறுவதில்லை. விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டு பஸ்ஸில் போகிற குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு நடைமேடை அகலத்தையும் பெஞ்சின் உயரத்தையும் டேப் வைத்து அளந்தார். நான் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன். மல்லாட்டை விற்கிற அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்.

"இன்னா சார் அளக்குறீங்க? சுத்தி இருக்குற காலுவா, ஏரியெல்லாம் போட்டாச்சி. இப்ப டேஷனையும் பிளாட்டு போட்டு விக்கப் போறாங்களா?"

இவர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். "ஆமா ஆயா, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். உங்களுக்கு ஒரு கார்னர் பிளாட்டு எழுதிக்கவா?"

"எனக்கு எதுக்கு? எம்மருமவளுக்கு எழுது. அவதான் தனியாப் போறேன்னு பேஜார் பண்ணிக்கினு இருக்கா."

அப்போது சென்னைப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. மகள் டிரைவருக்குக் கை ஆட்டினாள். இவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் திரும்பி நின்றார். வண்டி போய் முடியும்வரை அப்படியே நின்றார். மல்லாட்டை அம்மாவுக்கு அது விளங்கியிருக்காது. நான் அவரிடம் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தேன்.

கட்டத் தொடங்கியபின் என் வேலை, அவரைத் தொடரவைப்பது. இது இவ்வளவு கடினம் என்று நினைக்கவில்லை. ஒரு வாரம் மூச்சுவிடாமல் வெட்டி ஒட்டுவார். அடுத்த வாரம் அந்த அறைப்பக்கமே போகமாட்டார், பலகைமேல் தூசி படியும். மொத்தத்தையும் நினைத்தால் மலைப்பாக இருக்கும், ஒவ்வொரு துண்டாகச் செய்யச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே, "இன்னிக்கி ஒரு பெஞ்ச் மட்டும் பண்ணலாங்க" என்பேன். "இன்னிக்கி மேம்பாலத்துல ஒரு படிக்கட்டு." பெயர்ப்பலகையில் எழுத்து நான் எழுதினேன். சிக்னலுக்குத் தீக்குச்சி நட்டு, என் பொட்டு அட்டையிலிருந்து சிவப்பும் பச்சையும் எடுத்து ஒட்டினோம். அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்வது ஊக்கமா நச்சரிப்பா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம் வரும். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைப்பேன். சொல்லாமல் விட்டால் அதற்கும் கவலைப்படுவேன்.

மகளுக்கு அவர் ஒரு வேலை கொடுத்திருந்தார். எஞ்சினில் டிரைவரும் உதவி டிரைவரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டு ஒருவருக்கொருவர் சொல்லவேண்டும். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. மகள்தான் உதவி டிரைவர். ஸ்டேஷனுக்குள் நுழையும் முன் வரும் 'ஹோம்' சிக்னலைப் பார்த்து, "ஹோம் பச்ச!" என்று கத்துவாள். "ஹோம் பச்ச" என்று இவர் திருப்பிச் சொல்லி, வேகம் கூட்டும் குமிழைத் திருகுவார். அந்த நேரத்தில் அவர் குரல் பழைய குரலாக இருக்கும்.

ஆட்கள் மட்டும் வரவில்லை. எங்கள் ஸ்டேஷன் உண்மையானதில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரு ஆள் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்கமாட்டார். அப்படிப் பிளாஸ்டிக் ஆட்கள் விற்கிறார்கள் என்று பார்த்து ஒரு பாக்கெட் நானே வரவழைத்தேன். பெட்டி வைத்திருப்பவர், குடை பிடித்திருப்பவர், பிள்ளையைத் தூக்கியிருப்பவர் எல்லாம் இருந்தார்கள். அவர் வாங்கிப் பார்த்தார்.

"அப்புறம் பாத்துக்கலாம்" என்று பரண்மேல் வைத்துவிட்டார். நானும் எடுக்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா தினமும் ஒருமுறையாவது எட்டிப்பார்ப்பார். அவர் கணவர் மெயில் டிரைவர், இன்னும் கொஞ்ச காலத்தில் ஓய்வு பெறுகிறவர். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னாம்மா, உங்கூட்டு வண்டி இன்னிக்கி ரைட் டைமா, லேட்டா?"

"லேட்டுதாங்க்கா. கிராசிங்" என்பேன்.

"கட்டில்மேல ஓட்டறதுக்கும் கிலோமீட்டர் அலவன்ஸ் குடுப்பாங்களான்னு கேட்டுப் பாரு. எங்கூட்டுக்காரரையும் ஒண்ணு வாங்கச் சொல்றேன். வூட்லயே கெடப்பாரு."

கேலிதான். ஆனாலும் போகும்போது குரலைத் தாழ்த்தி, "டீகேட் ஆயிட்டா பரவால்லம்மா, உசுரு நிம்மதி. ஆனா ஆம்பள சும்மா குந்திக்கினு இருந்தா மனசு கெட்டுடும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டுப் போவார். அன்று முழுக்க எனக்கு மனசில் அதே ஓடிக்கொண்டிருக்கும்.

தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லி கொட்டவேண்டிய கட்டம் வந்தது. மணல் போட்டுப் பார்த்தார், சாலைபோல இருந்தது. கல்பொடி போட்டார், வெளுப்பாக இருந்தது. ஸ்டேஷனில் கிடக்கிற ஜல்லி வெள்ளையாக இருக்காதாம். வண்டி நின்று நின்று, பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் படிந்து பழுப்பாகிவிடுமாம். நிறம் கிடைக்காமல் மறுபடி ஒரு வாரம் கைவிட்டுவிட்டார். அந்த வாரத்தில் ஒருநாள் மகளின் கஞ்சிக்காக நான் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்தவர் நின்று, குனிந்து, ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதாம்மே கலரு!" என்றார். "அளவு கொஞ்சம் தடிப்பு. பரவால்ல, இன்னும் கொஞ்சம் கீதா?"

டப்பாவைக் காலி செய்து கொடுத்தேன். தண்டவாளம் நெடுகக் கேப்பையைத் தூவி, பெயின்ட் பிரஷால் ஒதுக்கி, வெள்ளைப் பசையைத் தண்ணீர்போலக் கரைத்து மேலே தெளித்தார். அது ஒட்டவில்லை என்று மறுபடி தெளித்தார். பார்க்க உண்மையான ஸ்டேஷன் ஜல்லிபோலவே இருந்தது. சாப்பிடுகிற தானியத்தை இப்படிப் போடலாமா என்று எனக்கு ஒரு உறுத்தல். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லாமல் இருந்தேன்.

மறுநாள் திண்டிவனத்தில் சித்தப்பா மகள் கல்யாணம். மழைக்காலம், கூரையில் ஒரு மூலை ஒழுகும் என்பதால் பலகைமேல் பாலித்தீன் ஷீட் போர்த்திவிட்டுப் போனோம். கல்யாணம், மறுவீடு, மழையில் ஒரு நாள் கூடுதல் என்று திரும்பி வர ஒரு வாரம் ஆகிவிட்டது. கதவைத் திறந்ததும் ஈரவாசனை. மகள்தான் முதலில் ஓடிப்போய் ஷீட்டைத் தூக்கினாள்.

"அப்பா! புல்லு மொளச்சிக்கிது!"

கேப்பை முளைத்திருந்தது. பசையின் ஈரமும் ஷீட்டுக்குள் இருந்த புழுக்கமும் அதற்குப் போதுமாக இருந்திருக்கின்றன. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் வெளிறிய பச்சையில் நெருக்கமாக நின்றது. ஒரு அங்குலம் இருக்கும். அது எவ்வளவு உயரம் என்று என் கணக்குப் புத்தி உடனே பெருக்கிப் பார்த்துவிட்டது. எங்கள் ஸ்டேஷன் அளவில் அது ஆளை மறைக்கிற புல்.

 அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கண் தண்டவாளத்தின் மட்டத்துக்கு வந்தது. 

"நான் கிள்ளிப் போட்டுடறேங்க" என்றேன்.

"வேணாம்மா!" என்று மகள் அலறினாள். "என் புல்லு!"

"இருக்கட்டும்" என்றார் அவர்.

நான் அதை விட்டது சரியா என்று தெரியவில்லை. நல்ல மனைவி அவர் ஆபீஸ் போன நேரத்தில் எல்லாவற்றையும் சுரண்டி எறிந்திருப்பாள் என்றும் நினைக்கிறேன். பிள்ளையின் சந்தோஷத்தைப் பிடுங்கியதாக ஆகுமே என்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டிருந்ததில் இரண்டு நாள் போய்விட்டது. அந்த இரண்டு நாளும் வண்டி ஓடவில்லை.

அடுத்து வந்தது சனிக்கிழமை. நான் சமையலறையில் சப்பாத்திக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் ஒரு உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு அந்த விபத்தைப் பற்றி எதுவும் தெரியாது, நாங்கள் சொன்னதில்லை. மயிலம் பக்கம் வயல் ஓரங்களில் புல்லுக்கட்டோடு போகும் பெண்களை மட்டும் பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறாள். முன்னறையிலிருந்து பேச்சு கேட்டது.

"இது யாரு பாப்பா?"

"புல்லு அறுக்கறவங்க. நம்மளுக்குப் புல்லு நெறைய ஆயிடிச்சி இல்ல, அறுக்க ஆளு வேணும்."

எட்டிப் பார்த்தேன். மாவில் ஒரு சின்ன உருவம் செய்திருந்தாள். கேப்பைப் பயிரைக் கிள்ளி ஒரு கட்டாக்கி அதன் தலையில் அழுத்தியிருந்தாள். தண்டவாளங்களுக்கு நடுவில் அதை நிறுத்திவைத்திருந்தாள். எங்கள் ஸ்டேஷனுக்கு வந்த முதல் ஆள்.

என் கையில் பூரிக்கட்டை. போய் அந்த மாவைப் பிடுங்கவேண்டும் என்று தோன்றியது, சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இங்க வெக்காத பாப்பா" என்றார் அவர், மெதுவாக. "இங்க வண்டி வரும்."

"வண்டி வந்தா நீ ஹார்ன் அடிப்பா. அவங்க நவுந்துடுவாங்க."

"அடிச்சேன்."

மகள் அண்ணாந்து பார்த்தாள். "எப்போ? எனக்குக் கேக்கல?"

"அவங்களுக்குக் கேட்டிச்சி" என்றார். "திரும்பிப் பாத்தாங்க. கட்டு கனமா இருந்திச்சி, அத்த வுட்டுட்டு ஓடி இருக்கலாம். வுடல."

"அப்புறம்?"

அவர் மாவு உருவத்தை இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். புல்லுக்கட்டு சரிந்து விழுந்தது. அவர் தோள் குலுங்கியது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னை விட்டுப் போகவில்லை. தான் ஏதோ செய்துவிட்டோம் என்று ஒரு குழந்தை நினைக்கும்போது வரும் முகம் அது. ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். நீ ஒன்றும் பண்ணவில்லை, நீ ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லிக்கொண்டே பின்வாசலுக்குக் கொண்டுபோய்விட்டேன். அவரைத் தனியே விட்டதும் தவறோ என்னவோ. ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் எப்படித் தூக்குவது?

அன்று மாலை அவரே புல்லையெல்லாம் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டினார். மகள் இந்த முறை என் புல்லு என்று கத்தவில்லை. முழு விவரத்தையும் அவர் என்னிடம் சொன்னதும் அதன் பிறகுதான். அந்த அம்மாவின் புடவை நிறம், கட்டின்மேல் செருகியிருந்த அரிவாள், எல்லாம். இதற்கு முன் எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான். இப்போது எனக்கும் அந்தப் புடவை நிறம் தெரியும். கடைத்தெருவில் அந்த நிறத்தைப் பார்த்தால் வேறு பக்கம் பார்க்கிறேன்.

இதை டாக்டரிடம் சொன்னோம். பேச ஆரம்பித்துவிட்டார் இல்லையா, இது நல்ல அறிகுறி என்றார். மகளோடு கொஞ்சம் பேசிப் பார்க்கவும் நாள் கொடுத்திருக்கிறார். பிறகு இவரிடம், மறுபடி பரிசோதனை வைக்கப்போகிறார்கள், அதற்கு முன் நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இவர் எழுந்துவிட்டார்.

வீட்டில் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று கேட்டார். "எனக்கு எஞ்சினுக்குப் போவணும்னும் கீது. வேணான்னும் கீது. என்னால முடிவு பண்ண முடியல. நீ ஒண்ணு சொல்லு. அத்தச் செய்யறேன்."

"யோசிச்சிச் சொல்றேங்க" என்றேன். யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். அன்று அவர் கேலி செய்யவில்லை. "எங்கூட்டுக்காரருக்கு மூணு தபா ஆச்சும்மா. மொத தபா ரெண்டு நாளு சோறு துண்ணல. ரெண்டாந்தபா வந்து குந்தி, கொழம்புல உப்பு இல்லன்னாரு. மூணாந்தபா எங்கிட்ட சொல்லவே இல்ல. வேற யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அதைக் கேட்டபின் என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. போகச் சொன்னால், இவருக்கும் இரண்டாவது ஒன்று நடக்கும். அன்று இவர் முழுக்க உடைந்துபோவாரா, உப்பு இல்லை என்பாரா? எனக்கு எது தேவலை? வேண்டாம் என்று சொன்னால், மேசைக்கு முன்னால் பல வருஷம் உட்கார்ந்திருப்பார். ஜங்ஷனில் வண்டி ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அது எந்த வண்டி என்று முகத்தை உயர்த்துவார். இப்போதே அப்படித்தான் செய்கிறார். என்றாவது ஒருநாள், நீதானே வேண்டாம் என்றாய் என்று கேட்கவும் கூடும். கேட்கமாட்டார். கேட்காமல் இருப்பதையும் நான்தான் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும்.

நீயே முடிவு செய் என்று அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்தான். முடியாமல்தானே என்னிடம் கொண்டுவந்தார்.

பரிசோதனைக்கு அதிக நாள் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் டிரைவர் வீட்டுக்காரர்கள் இருந்தால், ரயிலோ பஸ்ஸோ லாரியோ எதுவானாலும் சரி, அவர் ஓட்டிய வண்டியில் ஒரு உயிர் போனபின் உங்களிடம் போகவா என்று கேட்டிருந்தால், நீங்கள் என்ன சொன்னீர்கள்? சொன்னதற்காகப் பிறகு வருத்தப்பட்டீர்களா? சொல்லாமல் விட்டவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். கெட்டதாக முடிந்திருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். நான் அவரிடம் ஏதாவது ஒன்று சொல்லியாகவேண்டும்.